ஓரக் காவலனும் திண்ணை நீதியும்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாட் காலை, அமெரிக்கப் பத்திரிகையொன்றில் ஒரு சிறு செய்தியைக் கண்ணுற்றோம். டைரன் மாத்யூ என்னும் புட்பால் ஆட்டக்காரர், 12 பருவங்கள் தொழின்முறையில் ஆடியபின் ஓய்வு பெறுகின்றார் என்பதே அச்செய்தி. அப்பெயரைக் கண்ட அளவிலே, பத்தாண்டுகளுக்கு மேலாக நம் நினைவின் ஒரு மூலையிற் கிடந்த ஒரு திண்ணையும், அத்திண்ணையில் அமர்ந்து அம்மனிதரைப் பற்றி யாம் வழங்கிய தீர்ப்புகளும் மனக்கண்முன் வந்து நின்றன. அத்தீர்ப்புகளுள் ஒன்றைப் பற்றி இன்றும் நாணமுறுகின்றோம். பழைய மாணாக்கர் ஏதேனும் எழுதுக என்று இம்மலரின் ஆசிரியர் பணித்தபோது, வேறு பொருள் தேடிச் செல்ல மனம் ஒப்பவில்லை.

யாம் இக்கல்லூரியிற் பயின்று தேறி, மேலும் கற்றபின், 2010ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூயிசியானா மாகாணத்தின் தலைநகரான பேட்டன் ரூஜ் சென்று, ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்றாண்டு பணிபுரிந்தோம். மிஸிஸிப்பி என்னும் பேராற்றின் கரையில் அமைந்த நகரம் அது. ஆங்கு ஒரு மூதாட்டியின் இல்லத்து மாடியறையிற் குடியிருந்தோம். அவர் கணவரை இழந்தவர். சிறுவர் பள்ளியில் நெடுநாள் உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவ்வூர் வீடுகளுக்கு முன்புறம், நம் நாட்டுத் திண்ணையைப் போலவே, கூரையிட்ட ஒரு தளம் உண்டு. மாலையில் அயலார் வந்து அமர்ந்து ஊர்க்கதை பேசுவதும் நம் நாட்டு வழக்கம் போன்றதே. கதையின் பொருள் மட்டும் ஆண்டு முழுதும் ஒன்றே. அது புட்பால்.

புட்பால் என்று அமெரிக்கர் வழங்குவது நம் மைதானங்களில் ஆடும் காற்பந்தன்று. அதிற் காலுக்கு வேலை சிறிது. கைக்கும் தோளுக்குமே வேலை பெரிது. கட்சிக்குப் பதினொருவர். இரு எல்லைக் கோடுகளுக்கும் இடையே மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்தை உடைய கட்சியார் நான்கு முயற்சிக்குள் 10 கஜமேனும் முன்னேறல் வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி கிட்டும். தவறினால் பந்து எதிரியிடம் செல்லும். மூன்று முயற்சியிலும் பயன் காணாதவர் நான்காவதிற் பந்தை வெகு தொலைவு உதைத்தனுப்பி விடுவதுண்டு. அவ்வாறு வானிலிருந்து இறங்கும் பந்தைப் பிடித்து, எதிர்த்து வரும் கூட்டத்தினூடே திரும்பி ஓடுதல் ஒரு தனித் தொழில். தாக்குவோர் வேறு, காப்போர் வேறு. ஒரு கட்சி தாக்குகையில் ஒரு பதினொருவரும், காக்கையில் வேறு பதினொருவரும் களத்தில் நிற்பர்.

லூயிசியானா ஸ்டேட் சர்வகலாசாலையின் கட்சிக்குப் புலிகள் என்று பெயர். பெயரளவில் நில்லாது, விளையாட்டரங்கின் எதிரிலேயே ஓர் உயிருள்ள புலியை வளர்த்து வந்தனர். 2011ஆம் ஆண்டில் அவ்வரங்கில் 92,000 பேருக்கு மேல் அமரலாம். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இரவு ஆபர்ன் என்னும் சர்வகலாசாலையை 7-க்கு 6 என வென்றபொழுது, ஜனங்கள் எழுப்பிய ஆரவாரத்தினால் நிலம் அதிர்ந்து, அச்சர்வகலாசாலையின் நில அதிர்ச்சிக் கருவியிற் கோடு விழுந்ததாம். இதனை அவ்வூரார் தம் குலப் பெருமையைப் போல எடுத்துரைப்பர். அத்தகைய ஊரில், ஆடுபவர் மாணாக்கர், பெரும்பாலும் 18 முதல் 22 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்பதை எவரும் நினைவிற் கொள்வதாகத் தெரியவில்லை.

காப்போருள் இரு ஓரங்களிலும் நிற்பவரைக் கார்னர்பேக் என்பர். ஓரக் காவலர் என்று நாம் கூறிக்கொள்வோம். எதிர்க்கட்சியின் மிக விரைந்த ஓட்டக்காரனைத் தொடர்ந்து சென்று, அவன் கையிற் பந்து சேராமற் காத்தலே அவர் கடமை. ஓட்டக்காரனுக்குத் தான் எத்திசையிற் செல்லப்போகின்றோம் என்பது முன்னரே தெரியும், காவலனுக்குத் தெரியாது. அவன் முன்னோக்கி ஓட, இவன் முதற் சில அடிகள் பின்னோக்கியே ஓடி, அவனுடைய இடுப்பு திரும்பும் திசையைக் கண்டு தானும் திரும்ப வேண்டும். சடுகுடுவிற் பாடி வருபவனின் காலிலேயே கண்ணை வைத்துப் பின்வாங்கிக்கொண்டிருக்கும் ஓரத்துப் பிடிகாரனைக் கண்டவர்க்கு இத்தொழிலின் அருமை விளங்கும்.

இத்தொழிலில் ஒரு விந்தை உண்டு. காவலன் தன் கடமையைச் செவ்வனே செய்தால், எதிரி அவன் பக்கம் பந்தை எறியத் துணியமாட்டான். பந்து வாராத இடத்தை டெலிவிஷன் காட்டாது. ஆகவே மாலை முழுதும் நன்றாக ஆடியவன் பார்ப்போர் கண்ணிற் படுவதேயில்லை. ஒரே ஒருமுறை கால் வழுக்கியவன் பல்லாயிரவர் நடுவே தனித்து நிற்பான். ஓரக் காவலனின் செயலைக்கூட அரங்கிலிருப்போர் முழுதுங் காண்பதில்லை என்பது இதனாற் போதரும். காணாத பகுதியை அவரவர் தத்தம் கருத்தினால் நிரப்பிக் கொள்கின்றனர்.

2011ஆம் ஆண்டில் அக்கட்சிக்கு வாய்த்த ஓரக் காவலர் இருவர். ஒருவர் மாரிஸ் கிளேபோர்ன். மற்றவர் டைரன் மாத்யூ. கிளேபோர்ன் அடக்கமானவர். அப்பருவத்தில் 6 முறை எதிரியின் பந்தை இடைமறித்துப் பற்றியும், தலை குனிந்தே நடந்தார். அந்நாட்டின் தலைசிறந்த பின்காவலர்க்குரிய ஜிம் தார்ப் பரிசு அவ்வாண்டு அவருக்கே கிடைத்தது. மாத்யூ நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பிள்ளை. அப்பொழுது வயது 19. உயரம் 5 அடி 9 அங்குலம். அவ்வாட்டத்திற்கு இது குள்ளம் என்றே கூறத்தகும். தலைமயிரின் ஒரு பகுதிக்குப் பொன்னிறச் சாயம் ஏற்றியிருந்தார். பந்தை ஏந்தி வருபவனை மறிப்பதோடமையாது, அவன் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கி விடுவார். 2 பருவங்களில் 11 முறை இவ்வாறு பிறர் கைப்பந்தைத் தட்டி விழச் செய்தார். எதற்கும் அஞ்சாத ஹனி பாட்ஜர் என்னும் சிறு விலங்கின் பெயரை ஜனங்கள் அவருக்குச் சூட்டினர். நாட்டின் தலைசிறந்த காப்பாட்டக்காரர்க்குரிய சக் பெட்னாரிக் பரிசு அவரைச் சேர்ந்தது. பெரும்பாலும் தாக்குவோர்க்கே உரியதான ஹைஸ்மன் பரிசுக்கும் இறுதியில் அழைக்கப்பெற்ற ஐவருள் ஒருவராய், ஐந்தாமிடம் பெற்றார்.

அச்சர்வகலாசாலையில் ஆட்டக்காரர் சட்டையிலுள்ள எண்களுக்கும் பொருள் உண்டு. 7 என்னும் எண் ஆட்டத் திறமையால் ஒளிர்பவர்க்கு உரியதாகி வந்தது. 2010இல் அதனை அணிந்தவர் பாட்ரிக் பீட்டர்சன் என்னும் பெரும்புகழ் பெற்ற ஓரக் காவலர். 2011இல் மாத்யூவிற்கு அது வந்தது. 18 என்னும் எண்ணோ நற்குணத்திற்கும் தன்னலமின்மைக்கும் அடையாளமாக வழங்கப்படுவது. 2003ஆம் ஆண்டுப் பருவத்தில் வாகை சூடிய மாட் மாக் என்பவர் அணிந்திருந்த எண் அது. பின்னர் ஜேகப் ஹெஸ்டர் என்பவர்க்கும் அவர்வழிப் பிறர்க்கும் வந்தது. திறமைக்கு ஓர் எண், குணத்திற்கு ஓர் எண் என்று இரண்டையும் தைத்து மாட்டிவிட்டால் யார் எவர் என்பதில் ஐயமிராது என்று எமக்கு அப்பொழுது தோன்றியது.

எம் திண்ணைக் கழகத்தில் நால்வர். மூதாட்டியார் ஒருவர், ஆற்றங்கரை எண்ணெயாலையில் உழைத்து ஓய்வு பெற்ற அயல்வீட்டு முதியவர் ஒருவர், அம்முதியவரின் மருமகனாகிய கணக்கர் ஒருவர், நான்காமவர் யாம். முதியவர் மூதாட்டியை அம்மணி என்றும், எம்மைப் பாதி மரியாதையும் பாதி விளையாட்டுமாக டாக்டர் என்றும் அழைப்பார். மூதாட்டியார் எம்மை ஷா என்பார். அன்பிற்குரியாய் என்று பொருள்படும் அந்நாட்டுப் பழம் பிரெஞ்சு விளி அது. முதியவர் மாத்யூவின் பக்கம்; கணக்கர் கிளேபோர்னின் பக்கம். வந்து ஓராண்டும் நிரம்பாத யாம், ஆட்டத்தின் விதிகளைக் கற்குமுன் அபிப்பிராயங் கூறக் கற்றுக்கொண்டோம்.

செப்டம்பர் 3ஆம் நாள் ஆரிகன் சர்வகலாசாலையோடு நடந்த முதற் போட்டியிலேயே மாத்யூ எதிரியின் கைப்பந்தைப் பறித்துக்கொண்டு எல்லை கடந்தார். கட்சி 40-க்கு 27 என வென்றது. "பார்த்தீரா டாக்டர், அவனுக்குப் பசி இருக்கிறது! பசியில்லாதவன் இவ்விளையாட்டுக்கு ஆகான்" என்றார் முதியவர். "பறிக்கப் போய் ஏமாறுகின்ற நாளும் வரும். தன் இடத்தை விட்டகலாமல் நிற்பவனே காவலன்" என்றார் கணக்கர். இருவரும் ஒரே செயலைத்தான் கண்டனர். ஒருவர் அதனை ஊக்கமென்றார், மற்றவர் அடங்காமையென்றார்.

அக்டோபர்த் திங்களில் ஆபர்ன் சர்வகலாசாலையோடு ஆடுமுன், மாத்யூவும் வேறிருவரும் விதி மீறியதற்காக ஓராட்டத்திற்கு விலக்கப்பட்டனர். திண்ணை அன்றிரவு நெடுநேரம் கலையவில்லை. "தலைக்கனம்" என்றார் கணக்கர். "பிள்ளைத்தனம்" என்றார் முதியவர். அவரில்லாமலே கட்சி 45-க்கு 10 என வென்றமையால் வழக்கு ஒருவாறு ஓய்ந்தது. நவம்பர் 5ஆம் நாள் அலபாமாவை அவர்தம் அரங்கிலேயே 9-க்கு 6 என, கூடுதற் காலம் ஆடி வென்றனர். பின்னர் நவம்பர் 25ஆம் நாள் ஆர்கன்சாவோடு நடந்த ஆட்டத்திற் கட்சி 14 எண்கள் பின்தங்கியிருந்தது. அப்பொழுது எதிரி உதைத்தனுப்பிய பந்தைப் பற்றிய மாத்யூ, 92 கஜ தூரம் ஒரே ஓட்டமாக ஓடி எல்லை சேர்ந்தார். முடிவு 41-க்கு 17. அடுத்த வாரம் அட்லாண்டாவில் ஜார்ஜியாவோடு ஆடுகையில், முற்பாதி முழுதும் கட்சியின் தாக்காட்டம் ஒருமுறையேனும் 10 கஜம் முன்னேறவில்லை. அன்றும் மாத்யூவே 62 கஜம் ஓடி ஆட்டத்தைத் திருப்பினார். கட்சி 42-க்கு 10 என வென்றது. அன்று கணக்கரும் எழுந்து நின்று கைகொட்டினார். அக்டோபரில் தலைக்கனம் என்று அவரே பெயரிட்டது டிசம்பரில் தன்னம்பிக்கை ஆயிற்று. யாமும் கைகொட்டினோம்.

நிற்க. எம் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒன்றை ஈண்டுக் கூறவேண்டும். எம் பணி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. ஜனவரித் திங்கள் தோறும் மேலதிகாரி ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு மதிப்புத்தாள் எழுதித் தருவார். 2012ஆம் ஆண்டின் முதல் வாரத்தில் எம் கைக்கு வந்த தாளில், வேலைத்திறன் என்னும் கட்டத்தில் நன்று என்றிருந்தது. அதன் கீழே மனப்பான்மை என்றொரு கட்டம். அதில், 'ஈடுபாடு போதாது, கூட்டங்களில் வாய் திறப்பதில்லை, கேட்டாலன்றி உரைப்பதில்லை, பேசும்போது முகம் நோக்குவதில்லை' என்று எழுதப்பட்டிருந்தது.

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. பணி போனால் அந்நாட்டில் தங்கவும் உரிமையில்லை; ஊரிலோ எம் ஊதியத்தை எதிர்நோக்கி இருவர் இருந்தனர். அச்சத்தினும் மிகுதியாகச் சினமே எழுந்தது. பெரியோர் பேசுமிடத்துக் குறுக்கே பேசாதே, அவர் முகத்தை நேரே உறுத்து நோக்காதே என்று தந்தையாரும் இக்கல்லூரி ஆசிரியர்களும் எம்மைப் பழக்கியிருந்தனர். எந்த அடக்கத்தை மரியாதையென்று கொண்டு வளர்ந்தோமோ, அதுவே ஈண்டு ஈடுபாடின்மை என்று எழுதப்பட்டுவிட்டது. எம் உள்ளத்தினுள் இருப்பதை இவர் எங்ஙனம் கண்டார் என்று மனம் குமுறிற்று. மறுநாட் காலை மூதாட்டியார் எம் முகவாட்டத்தைக் கண்டு காரணம் வினவ, தாளை அவரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை அணிந்து இருமுறை படித்தார். "ஷா, அவரிடம் நேரே சென்று கேளும். இது கேட்டுத் தெளியவேண்டிய காரியம்" என்றார். எமக்குத் துணிவு வரவில்லை, நாளைக் கடத்தினோம்.

ஜனவரி 9ஆம் நாள் வந்தது. நாட்டின் முதலிடத்திற்கான ஆட்டம். இடம் மாத்யூ பிறந்து வளர்ந்த நியூ ஆர்லியன்ஸ். எதிரி மீண்டும் அலபாமா. அதுவரை 13 ஆட்டங்களிலும் வென்றிருந்த கட்சி அன்று 21-க்குப் பூஜ்யமெனத் தோற்றது. ஆட்டம் முழுதிலும் மைதானத்தின் நடுக்கோட்டை ஒரே ஒருமுறைதான் தாண்டிற்று. கட்சியின் தாக்காட்டம் முழுவதுமாகப் பெற்றது 92 கஜம். ஆறு வாரங்களுக்கு முன் மாத்யூ ஒரே ஓட்டத்திற் கடந்த தூரமும் 92 கஜமே. காப்போரோ அலபாமாவை எல்லைக்கோட்டைத் தாண்டவிடாது வெகுநேரம் தடுத்து, 5 முறை பந்தைக் கம்பத்தினூடே உதைத்து எண் பெறுதலோடு நிறுத்தினர். இறுதியில்தான் ஒரே ஒருமுறை எல்லை கடக்க விட்டனர். தோல்விக்குக் காரணம் தாக்குவோரிடத்து இருந்ததென்பது வெள்ளிடைமலை.

ஆயினும் திண்ணை தேடியது ஒரு முகத்தை. தலையிற் பொன்னிறமிட்ட முகம் எளிதிற் கிடைத்தது. "பரிசு வாங்கக் கூடத்திற்குப் போய்வந்த நாளிலிருந்தே அவன் பழைய மாத்யூ அல்லன்" என்றார் கணக்கர். முதியவர் மௌனம் சாதித்தார். அப்பொழுது யாம் கூறினோம்: "அவனுக்கு ஆட்டத்தில் மனமில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிகின்றதே!"

இச்சொற்களைக் கூறியபொழுது, மேலே எம் அறையில், மேசையின் இழுப்பறையில் அந்த மதிப்புத்தாள் கிடந்தது. அதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு அன்று எமக்குத் தோன்றவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகின்றோம். மூதாட்டியார் எம்மை ஒருமுறை நோக்கினார், ஒன்றும் கூறவில்லை.

அடுத்த வாரம் துணிவை வரவழைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் சென்றோம். நாத்தழுதழுக்க, எம் நாட்டுப் பழக்கத்தை எடுத்துரைத்தோம். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பின், "நீர் சொல்லாமல் நான் எங்ஙனம் அறிவேன்? நானும் உம்மைக் கேளாமல் எழுதியிருத்தல் ஆகாது" என்றார். அக்கட்டத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். பணியும் புதுப்பிக்கப்பட்டது. கூட்டங்களில் இனி வாய் திறக்கவேண்டும் என்று எம்மிடமும் ஒரு வாக்குறுதி பெற்றுக்கொண்டார். இருபுறத்தும் கால்மணி நேரத்தில் தீர்ந்தது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஊர் முழுதும் ஒரு செய்தி பரவிற்று. விதிகளை மீறியமையால் மாத்யூ கட்சியினின்றும் நீக்கப்பட்டார் என்று பயிற்சியாசிரியர் லெஸ் மைல்ஸ் அறிவித்தார். போதைப்பொருட் சோதனையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அன்று மாலை திண்ணையில் நால்வரும் கூடினோம். கணக்கர் வெற்றி பெற்றவர் போல விளங்கினார். "நான் முன்னமே சொன்னேன், அவன் மனப்பான்மை அப்படிப்பட்டது" என்றார். முதியவர், "நன்றி கெட்ட பையன், நாம் எவ்வளவு கொண்டாடினோம்!" என்றார். ஓராண்டு முழுதும் அப்பையனின் பக்கம் நின்று வாதிட்டவர் அவர். யாமும் ஏதோ கூறவெடுத்தோம்.

மூதாட்டியார் எம்மைத் தடுத்தார். "ஷா, ஜனவரியில் ஒரு தாளை என்னிடம் காட்டினீரே, நினைவிருக்கிறதா?" என்றார். எம் நா எழவில்லை. அவர் மற்ற இருவரையும் நோக்கிக் கூறினார்: "நான் சிறுபிள்ளைகளுக்கு முப்பதாண்டுகளுக்கு மேல் குறிப்பேடு எழுதியவள். தொடக்கத்தில் சில பிள்ளைகளுக்குக் கவனமில்லை, அக்கறையில்லை என்று எழுதியிருக்கிறேன். பிறகு பார்த்தால் அவர்களிற் சிலருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கரும்பலகையைப் படிக்க முடியவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் அக்கறை வந்துவிட்டது. இந்தப் பையன் தவறு செய்தான், தண்டனை பெற்றான், அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவனுக்கு என்ன குறை என்று நம்மில் யார் அவனைக் கேட்டோம்?"

"நாம் எப்படிக் கேட்பது, அம்மணி? அவன் யார், நாம் யார்?" என்றார் முதியவர்.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்று கூறி, மூதாட்டியார் உள்ளே எழுந்து சென்றார்.

அவர் கூறியதைப் பலகாலும் எண்ணிப் பார்த்தோம். விதியை மீறினவனைத் தண்டித்தல் ஆகாதென்பது அவர் கருத்தன்று, எம் கருத்துமன்று. பயிற்சியாசிரியர் அப்பிள்ளையை நாள்தோறும் கண்டவர். அழைத்துக் கேட்கவும், அவர் மறுமொழியைச் செவிமடுக்கவும் இயன்ற தொலைவில் இருந்தவர். வெற்றி தரும் கையென்று தெரிந்தும் விதிக்காக அவரை நீக்கினார். அத்தீர்ப்புச் சரியோ தவறோ, தீர்ப்புக் கூறும் உரிமை அவர்க்கு இருந்தது. எம் மேலதிகாரியும் முதலில் தவறாக எழுதினாரெனினும், யாம் கதவைத் தட்டியபோது திறந்தார். ஆயின் திண்ணையில் இருந்த எமக்குத் தட்டுதற்குக் கதவே இல்லை. கேட்கவும் கேட்கப்படவும் இயலாத தொலைவிலிருந்து ஒருவன் செயலைப் பேசலாம். மனத்தைப் பேச வழியில்லை. பேசினால், நாம் பேசுவது அவன் மனத்தையன்று, அன்றைய ஆட்டத்தின் எண்களையே. வென்றால் ஊக்கம், தோற்றால் செருக்கு. மௌனமாக இருந்தால் வெல்லுங்கால் அடக்கம், தோற்குங்கால் அசட்டை. எண்கள் மாற, பெயர்கள் மாறின. மாத்யூவின் முகம் மட்டும் அதே முகமாக இருந்தது.

நன்றி கெட்டவன் என்ற சொல்லும் எம் உள்ளத்தை உறுத்தியது. அக்காலத்திற் கல்லூரி ஆட்டக்காரர்க்குப் படிப்புச் செலவும் உண்டியுறையுளுமன்றி ஊதியம் ஏதும் இல்லை. அவர்தம் எண் பொறித்த சட்டைகள் கடைகளில் விற்றன. அவ்விலையில் அவர்க்குப் பங்கில்லை. தம் பெயரையும் புகழையுங்கொண்டு பொருளீட்ட 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலேதான் அவர்க்கு இசைவு கிட்டியது. சர்வகலாசாலைகளே அவர்க்கு நேராகப் பொருள் கொடுக்கும் முறை 2025இல் தொடங்கிற்று. எம் முதியவரிடமும் 7 என்னும் எண்ணிட்ட ஊதாச் சட்டையொன்று இருந்தது. அந்த ஆகஸ்டுக்குப் பின் அதை அவர் அணியக் கண்டிலோம். அப்பிள்ளை எமக்கு அளித்தது ஓராண்டுக் களிப்பு. எம்மிடமிருந்து அவர் பெற்றது ஆரவாரம் ஒன்றே. அதையும் ஒரே மாலையில் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

பின்னர் நிகழ்ந்ததையுங் கூறிவிடுவோம். அதே ஆண்டு அக்டோபரில் மாத்யூ மீண்டும் ஒருமுறை இடறினார். எனினும் 2013ஆம் ஆண்டில் அரிஜோனா கட்சியார் 69ஆம் தேர்வாக அவரை எடுத்தனர். அங்கே அவர்க்கு முன் 7ஆம் எண்ணை அணிந்திருந்த பீட்டர்சன் தோழராக வாய்த்தார். தொழின்முறை ஆட்டத்தின் தலைசிறந்தோர் வரிசையில் 2015, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் மாத்யூ முதலணியில் வைத்தெண்ணப்பட்டார். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கான்சஸ் சிட்டி கட்சியோடு நாட்டின் உச்சக் கோப்பையையும் வென்றார். 2022இல் தாம் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கட்சிக்கே திரும்பி வந்து, தம் கடைசி மூன்று பருவங்களை ஆங்கே ஆடினார்.

2020இல் அவ்வெற்றிக்குப் பின் அயல்வீட்டு முதியவரிடமிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. 'டாக்டர், நான் அப்பொழுதே சொன்னேனே, அவன் நல்ல பையன் என்று' என எழுதியிருந்தார். அதைப் படித்து முறுவலித்தோம். ஆயினும் அம்முறுவல் நெடுநேரம் நிற்கவில்லை. கோப்பை வென்றமையால் நல்லவன் என்பதும், கோப்பை இழந்தமையாற் கெட்டவன் என்பதும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்லவோ? மாத்யூ அக்கோப்பையை வெல்லாது, எங்கோ ஓர் ஊரில் பெயர் தெரியாத வேலையொன்றைச் செய்து வாழ்ந்திருப்பாராயின், அன்று திண்ணையில் யாம் கூறியது மெய்யாகிவிடுமோ? ஆகாது. இக்கதை நன்றாக முடிந்தமையால் அன்றி, தொடங்கும்போதே எம் தீர்ப்புத் தவறு.

இப்பொழுது யாம் ஆசிரியத் தொழிலில் இருக்கின்றோம். ஆண்டிறுதியில் மாணாக்கர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதவேண்டிய கட்டம் எம் மேசைக்கும் வருகின்றது. கடைசி வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே அக்கறை போதாது என்று எழுதப் பேனா விரைகின்றது. அப்பொழுதெல்லாம் மிஸிஸிப்பிக் கரையிலுள்ள ஒரு திண்ணையும், கண்ணாடியைத் துடைத்தவாறு கேள்வி கேட்ட ஒரு மூதாட்டியும் நினைவிற்கு வருகின்றனர். அம்மூதாட்டியார் இப்பொழுது உயிரோடில்லை. பேனாவை மூடிவைத்து அப்பிள்ளையை அழைத்து வரச் சொல்கின்றோம். சில நாள் காரணம் கிட்டுகின்றது. சில நாள் கிட்டுவதில்லை. சில நாள் முதலில் எழுத நினைத்ததையே எழுதவும் நேர்கின்றது. ஆனால் கேளாமல் எழுதுவதில்லை.